பாப்பாவுக்கு, மென்சா விஷயமாக

அன்புள்ள பாப்பா,

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. அண்ணன் வந்துபோனான். மாடிக் கதவு இப்போது சாத்துகிறது. வழக்கமாக நீ கேட்கிற மூன்றுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது.

போன மாதம் போனை வைக்கப்போகிற நேரத்தில், "மென்சாவுல சேரலாமான்னு பார்க்கிறேன்ப்பா" என்றாய். "எதுக்கு வெட்டிச் செலவு?" என்றேன். நீ சிரித்தாய். சிரித்ததாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் "கொஞ்சம் பிஸி" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். வேலை இருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் பேசிவிட்டுப் பிறகு தெரிந்துகொள்வது என் வழக்கம் என்று உன் அம்மா சொல்வாள். அதன்படி இந்த நான்கு வாரமும் உட்கார்ந்து படித்தேன். மென்சா என்பது ஐகியூ, அதாவது சோதனை வைத்து எண்ணாகச் சொல்கிற அறிவுத்திறன், அதிகம் உள்ளவர்களுக்கான சங்கம். 1946இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கியிருக்கிறார்கள். ரோலண்ட் பெரில் என்று ஒரு வழக்கறிஞர், லான்ஸலட் வேர் என்று ஒரு விஞ்ஞானி. ரயிலில் பேச்சுக் கொடுத்ததில் வந்த பழக்கமாம். மென்சா என்றால் லத்தீனில் மேசை. நாம் சொல்கிற 'மேசை'யும் போர்ச்சுகீசியர் வழியாக அதே சொல்லிலிருந்து வந்ததுதான். இதைக் கண்டுபிடித்த அன்று உனக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். பிஸியாக இருப்பாய் என்று வைத்துவிட்டேன்.

சேருவதற்கு ஒரே தகுதிதான். அவர்கள் ஒப்புக்கொள்கிற ஐகியூ சோதனை ஒன்றை மேற்பார்வையாளர் முன்னால் எழுதி, நூற்றில் மேலே உள்ள இரண்டு பேருக்குள் வர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணிக்குப் போடுகிற சோதனையெல்லாம் கணக்கில் வராது. ராத்திரி ஒரு மணி என்று ஏன் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். நேரத்தில் தூங்கு.

முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினவன் சும்மா இருப்பேனா? நூற்றில் இரண்டு என்றால் ஐம்பதில் ஒருவர். உலகத்தில் 800 கோடிப் பேர். தகுதி உள்ளவர்கள் 16 கோடி ஆகிறது. சங்கத்தில் இருப்பவர்களோ ஏறத்தாழ ஒன்றரை லட்சம். தகுதியுள்ள ஆயிரம் பேரில் ஒருவர் என்றுகூடத் தேறவில்லை. மீதி எல்லோரும் எங்கே? எங்கேயும் போகவில்லை, உன்னோடு லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். உன் ஆபீசில் ஒரு மாடிக்கு ஐம்பது பேர் இருக்க மாட்டார்களா? சராசரிக் கணக்குக்கு ஒருவராவது இருக்க வேண்டுமே. மதியம் யாரோடாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

சரி, சங்கத்துக்கு வருகிறேன். சான்றிதழ் வருமாம். அதைச் சுவரில் மாட்டலாம். வேலை விண்ணப்பத்தில் எழுதலாமா என்று கேட்டால், எழுதாதே என்பேன். பார்க்கிறவர் வியந்தால் ஒரு நிமிஷம், எரிச்சல்பட்டால் பேட்டி முழுவதும். இன்னொன்று, எண்ணைச் சொல்லிப் பெருமை பேசுகிறவரிடம் அகப்பட்டுக்கொள்ளாதே. ஒருவர் 148 என்பார், இன்னொருவர் 130 என்பார். காட்டெல் சோதனையின் 148ம் வெக்ஸ்லர் சோதனையின் 130ம் ஏறத்தாழ ஒரே படிதான், அளவுகோலில் கோடு கிழித்த விதம் வேறு. இது புரியாமல் சண்டை போடுகிறவர்களும் அந்த இரண்டு சதவீதத்துக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

மேலே மேலே வேறு போகிறார்கள். 1978இல் டிரிபிள் நைன் சொசைட்டி என்று ஒன்று, ஆயிரத்தில் ஒருவர்தான் சேரலாம். அதற்கும் மேலே பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்று ஒரு சங்கம் இருக்கிறது. மேசை மேல் மேசை போட்டு ஏறினால் பேச ஆள் குறையுமே தவிரக் கூடுமா? அறிவியல் கதைகள் எழுதிய ஐசக் அசிமோவ் பல வருடம் மென்சாவில் துணைத் தலைவராக இருந்தவர். அங்கே மூளைச் செருக்குப் பிடித்த சிலரோடு தனக்கு ஒத்துவரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். லான்ஸலட் வேருக்கும் கடைசிக் காலத்தில் வருத்தம்தானாம், இத்தனை மூளைகளைச் சேர்த்து வைத்தால் புதிர் போட்டே பொழுதைக் கழிக்கிறார்களே என்று.

குறை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. கூடி உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடுவது, ஒரே ஆர்வம் உள்ளவர்கள் தனிக் குழுவாகச் சேருவது, வருடத்துக்கு ஒரு பெரிய சந்திப்பு என்று நல்லதும் இருக்கிறது. பாதி வாக்கியத்திலேயே விஷயத்தைப் பிடித்துக்கொள்கிற ஆட்கள் கிடைப்பார்கள். நீ ஒரு சிலேடை சொல்லிவிட்டு அதை விளக்க வேண்டியிருக்காது. ஆனால் இதெல்லாம் உன் ஊர்க் கிளை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளை தூங்கினால் உனக்குக் கிடைப்பது பத்திரிகையும் வருடச் சந்தா நினைவூட்டலும்தான். அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், சந்திப்பு ஒன்றுக்கு விருந்தாளியாக வரலாமா என்று கேட்டுப் பார். போய் உட்கார்ந்து பார். சோதனைக்குப் போகிறதாக இருந்தால் முதல் நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போ. நேரக் கணக்கு வைத்து நடத்துகிற சோதனை அது, தூக்கம் கெட்டவள் எழுதுவதும் நீ எழுதுவதும் ஒன்றில்லை.

டெர்மன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1921இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர், அதிக ஐகியூ உள்ள பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 1,500 பேரை ஆயுள் முழுக்கப் பின்தொடரத் தொடங்கினார். அந்தத் தேர்வில் எண் போதவில்லை என்று விடப்பட்ட இரண்டு பையன்கள், ஷாக்லியும் அல்வாரஸும். 1956இல் ஒருவருக்கும் 1968இல் இன்னொருவருக்கும் இயற்பியலில் நோபல் பரிசு. தேர்ந்தெடுத்த அத்தனை பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால்... எதற்கும் இல்லை. படித்தேன், சொன்னேன்.

சோதனை எண்களும் பழசாகும் பாப்பா. ஜேம்ஸ் ஃப்ளின் என்பவர் கண்டு சொன்னது: பத்து வருடத்துக்கு மூன்று புள்ளி வீதம் சராசரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் சோதனையை அவ்வப்போது புதுப்பித்து அளவைத் திருத்துகிறார்கள். பழைய அளவுகோலில் எடுத்த எண் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும். நாலாம் வகுப்பில் ஒரு பெண் எடுத்த எண்ணை, முப்பத்து மூன்று வயதில் வேறு ஒரு சோதனையில் தேடினால் அங்கே இல்லாமல் போகலாம். அதற்காக அவள் குறைந்துபோய்விட்டாள் என்று ஆகுமா?

நீ எழுதிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. மூன்று பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஐகியூ சோதனைக்காக அந்த அம்மாளிடம் உன்னைக் கூட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் வைத்திருந்தார். படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார். பிறகு எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு எண்ணை நீ தலைகீழாக ஒப்பித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணனை நான் அங்கே கூட்டிப்போகவே இல்லை. அவனுக்கு அவசியம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவன் இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம் வீட்டில் கேட்காமல் இருக்கிற குணம் யாரிடமிருந்து வந்ததோ.

அறிக்கையில் இருந்த எண் 136. பக்கத்திலேயே, 130 முதல் 140 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எழுதியிருந்தது. நான் எல்லோரிடமும் 140 என்றேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். பேரேட்டில் ஒரு எண் தள்ளி எழுதினால் ராத்திரி தூக்கம் வராதவன் நான். அந்த நாலு புள்ளியை எந்தக் கூச்சமும் இல்லாமல் கூட்டி எழுதினேன்.

அதுகூடப் போகட்டும். அறிக்கை ஒரு பக்கம் என்றுதான் நீயும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கம். இரண்டாவதில் அந்த அம்மாள் கையால் எழுதியிருந்தார். எண்ணைக் குழந்தையிடம் சொல்ல வேண்டாம், உறவினர்களிடமும் வேண்டாம். சோதனையில் செய்ததை வீட்டில் செய்யச் சொல்லிப் பழக்க வேண்டாம். ஒவ்வொரு விடைக்கும் முன்னால் இவள் பெரியவர் முகத்தைப் பார்க்கிறாள், தவறு செய்யப் பயப்படுகிறாள். தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்க நேரம் கொடுங்கள், இவளுக்குப் பேச ஆள் வேண்டும்.

அதைப் படித்துவிட்டு மடித்து என் பழைய நோட்டுக்குள் வைத்தேன். அந்த வாரமே பெரியத்தை வீட்டார் வந்தார்கள். உன்னை மேசை மேல் ஏற்றி நிறுத்தி, எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தேன். எத்தனை வருடம் அப்படிச் செய்தேன்? ஆறாம் வகுப்பு வரைக்குமா? வாசலில் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். "பாப்பா படிக்கிறா" என்று நான்தான் பதில் சொல்வேன். ஒரு நாள் சித்தப்பா முன்னால் நீ ஆறாவது எண்ணில் தடுமாறினாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, முகம்தான் மாறியிருக்கும். நீ பார்த்தாய். அன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நிறுத்தச் சொல்லவில்லை.

ஆல்ஃபிரட் பினே 1905இல் முதல் சோதனையைச் செய்ததே, பள்ளியில் பின்தங்குகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவத்தான் என்று இப்போதுதான் படிக்கிறேன். நம் வீட்டில் அது எதற்குப் பயன்பட்டது என்று பார்.

அவன் போன பிறகு அந்த வீட்டில் நீ தனியாக இருக்கிறாய். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், அம்மா வாக்கு வாங்கியிருக்கிறாள். ஆனால் மென்சா என்று நீ சொன்னபோது எனக்குக் கேட்டிருக்க வேண்டியது, பேச ஆள் வேண்டும் என்பது. எனக்குக் கேட்டது செலவு.

ஆகவே வெட்டிச் செலவு என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆட்களுக்காகப் போகிறாய் என்றால் போ. சோதனைக் கட்டணத்தை நானே அனுப்புகிறேன். அந்த 140ஐச் சரிபார்க்கப் போகிறாய் என்றால், அது நான் எழுதிய எண், நான்தான் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே எழுதி, அங்கிருந்து ஏதாவது கடிதம் வந்திருந்தால், அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொன்னால் என் முகம் உனக்குத் தெரியாது, போன்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். நேரத்தில் தூங்கு.

இரண்டாம் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, அதே தாள்தான். அம்மா இன்னும் பார்க்கவில்லை. மடிப்பில் கிழிந்திருக்கிறது, மெதுவாகப் பிரி.

அப்பா