பால்கனி முகப்பில் இருந்த கேபின்

நியூயார்க்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர் இறங்கிவிட்டது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.

வேலை முடிந்து ரயிலுக்கு 50-ம் தெரு வழியாகத்தான் நடை. அதில் 7-ம் அவென்யூ பக்கம் ஒரு அலுவலகக் கட்டடம் நிற்கிறது. 1960 வரை அந்த இடத்தில் ராக்ஸி தியேட்டர் இருந்தது. தியேட்டரில் படம் ஓட்டும் கேபினிலேயே காலம் கழித்த உங்களுக்கு எழுதாமல் இதை யாருக்கு எழுத?

திறந்தது 1927 மார்ச் 11. இருக்கைகள் 5,920. நடத்தியவர் எஸ்.எல். ராத்தஃபெல், அவருடைய செல்லப்பெயர்தான் ராக்ஸி. மூன்று பேர் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்கன் வாத்தியத்தையும் பெரிய ஆர்கெஸ்ட்ராவையும் பற்றி இங்கே நிறையப் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது கேபின் இருந்த இடம். கட்டடக் கலைஞர் வால்ட்டர் ஆல்ஷ்லாகர் அதைக் கூரையடியில் கொண்டுபோய் வைக்கவில்லை. பால்கனியின் முகப்பிலேயே உள்ளடக்கிக் கட்டினார்.

அதன் அருமை உங்களுக்குத் தெரியும். கேபின் உயரத்தில் இருந்து, புரொஜெக்டர் மிஷினைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் திரையின் அடிப்பக்கத்துக்கு ஒளி போக வேண்டிய தூரம் கூடுகிறது. அடி விரிந்து, தலை குறுகி, படத்தில் நிற்கும் தூண்கள் எல்லாம் சாய்கின்றன. மேல் பாதிக்கு ஃபோகஸ் வைத்தால் கீழ் பாதி கலங்கும். விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் கேட்டில், படத்தின் ஓரத்தை வரையறுக்கப் போடும் பிளேட்டைச் சின்ன ஓட்டையோடு வாங்கி அரத்தால் ராவி ஓரத்தை நேராக்கலாம். படம் கேட்டில் தலைகீழாக ஓடுவதால் ஓட்டையின் மேல்பக்கம்தான் குறுகலாக இருக்க வேண்டும். மாற்றி ராவினால் கோணல் இன்னும் கூடும், பிளேட்டும் வீண். சரியாக ராவினாலும் ஓரம்தான் நேராகும், தூண் நிமிராது. ராக்ஸியில் லென்ஸ் திரைக்கு ஏறக்குறைய நேராக நின்றது. நோயை வரவிடாமலே தடுத்துவிட்டார்கள்.

ஆனால் அது நைட்ரேட் ஃபிலிம் காலம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால்தான் அந்நாள் கேபின்களில் தியேட்டர் பக்கச் சுவரில் உள்ள ஒவ்வொரு துவாரத்துக்கும் மேலே இரும்புத் தகடு தொங்கும். சூட்டில் உருகும் இணைப்பு அறுந்ததும் விழுந்து மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட சரக்கை ஜனங்களுக்கு நடுவில் வைத்து ஓட்டத் துணிச்சல் வேண்டும்.

முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘தி ரோப்’ 1953 செப்டம்பர் 16 அன்று முதலில் திரையேறியதும் இங்கேதான். ஸ்கோப் லென்ஸ் அகலத்தை இரண்டு மடங்கு விரிக்கும், திரையும் உள்வளைவு. உயரத்திலிருந்து அடித்தால் கடல், அடிவானம் போன்ற கிடைக்கோடுகள் நடுவில் தொய்ந்துவிடும். 26 வருஷம் முன்பே கேபினைத் தாழ்த்தி வைத்தது அன்றைக்குக் கைகொடுத்திருக்கும்.

ஏழே வருஷத்தில் இடித்துவிட்டார்கள். திறப்பு விழாப் படத்தின் நாயகி குளோரியா ஸ்வான்சன் அந்த இடிபாட்டுக்குள் நின்று கைகளை விரித்திருக்கும் புகைப்படம் ஒன்று உண்டு; எலியட் எலிசோஃபான் ‘லைஃப்’ பத்திரிகைக்காக எடுத்தது. அதன் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேபின் திரைக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தது, பிளேட்டை எந்த அளவுக்கு ராவினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்