கரையில் கல் வைத்த அம்மாவுக்கும் எங்களை மீட்ட அனைவருக்கும்

அன்புடையீர்,

மலையிடுக்கு ஓடைப் பாதையில் நடைபயணம் போன எங்களைத் திடீர் வெள்ளம் வழிமறித்த அன்று என்ன நேர்ந்தது என்பது இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடியும் விவரிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நான்கு நாள்களாகியும் தண்ணீர் விழும் ஓசை கேட்டால் என் மகள் என் கையைப் பற்றிக்கொள்கிறாள். எனினும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை.

அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். ஓடையை ஐந்தாம் முறை கடக்க வேண்டிய இடத்தில் நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கியபோது, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று இறங்க முற்பட்டவன் நான். ஓடையின் தலைப்பில் எங்கோ பெய்யும் மழையே இங்கே வெள்ளமாக வரும் என்று எச்சரித்து, எங்களைப் பாறை மேட்டுக்கு ஏற்றியவர் நீங்கள். அந்தக் கடன் என் ஆயுளுக்கும் தீராது. ஆயினும், அதன் பிறகு நீங்கள் செய்த சின்னஞ்சிறு காரியம் ஒன்றுதான் இரவும் பகலும் என் நினைவில் நிற்கிறது.

ஒடுங்கி உட்கார்ந்து அழுத என் மகளிடம் நீங்கள் ஆறுதலாக எதுவும் பேசவில்லை. உள்ளங்கையளவுள்ள வெளிர்நிறக் கல் ஒன்றை நீரின் விளிம்பில் வைத்துவிட்டு, "இது முழுகினால் எனக்குச் சொல்லு, கண்ணு" என்றீர்கள். முழுகியது. ஒரு சாண் மேலே இன்னொன்றை வைத்தீர்கள், அதுவும் முழுகியது. மூன்றாவது கல்லின் பாதியில் தண்ணீர் நின்றது. அழுகையை மறந்து அவள் காவல் இருந்தாள். வெகுநேரம் கழித்து, அந்தக் கல்லின் வயிற்றில் ஈரக்கோடு மட்டும் தெரிய, "பாட்டி, தண்ணி இறங்குது!" என்று அவள் கூவியபோதுதான் பெரியவர்களான நாங்களும் மூச்சுவிட்டோம். முழங்காலளவுதானே, கடந்துவிடலாமே என்று எனக்குத் தோன்றிய ஒவ்வொரு முறையும் அந்தக் கற்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். விரைந்தோடும் நீர் 15 செ.மீ. ஆழமிருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும் என்று மீட்புக் குழுவினர் பின்னர் சொன்னபோது எனக்கு உடல் நடுங்கியது.

விழுந்தால் சுமை நம்மை நீருக்குள் அமிழ்த்திவிடாதபடி முதுகுப்பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றச் செய்து, ஓடை அகன்று ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக அடிமேல் அடி வைத்து எங்களைக் கரைசேர்த்த அக்குழுவினருக்கும், நடைபயணிகள் பெயர் எழுதிச் செல்லும் பதிவேட்டைப் பார்த்து நாங்கள் திரும்பவில்லை என்று முதலில் தகவல் கொடுத்தவருக்கும், போர்வை தந்தவர்களுக்கும், விடியும்வரை தொலைபேசியருகே விழித்திருந்த உறவினர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இனி மேற்பகுதியின் வானிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் ஓடை குறுக்கிடும் எந்தப் பாதையிலும் கால்வைக்க மாட்டேன். நீர் வடிய ஓர் இரவு ஆனாலும் காத்திருப்பேன்.

அம்மா, இருட்டில் பிரிந்த அவசரத்தில் உங்களைக் கும்பிட்டேனா என்பதுகூட நினைவில்லை. இம்மடல் உங்களை எட்டுமானால் ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது கல் முழுவதும் வெளியே வந்துவிட்டதை உங்களிடம் சொல்வதற்குள் மீட்புக் குழுவின் கயிறு வந்துவிட்டதே என்று மகள் வருந்துகிறாள். அதை அவளே உங்களிடம் சொல்ல வேண்டுமாம்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பா