ஸ்டெப் பட்டனை அழுத்துவதற்கு முன்: கம்பைலர் விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரைப் பாடமாக நடத்தும் விரிவுரையாளர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள். இப்போது உங்களைப் போன்றவர்களிடம் கணினி அறிவியல் படிக்கிறார்கள்.

போன செமஸ்டரில் ஒரு மாணவி, கம்பைலர் ஒரு வரியைப் படிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எஸ்எல்ஆர் அட்டவணையைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள். "சரி, இதை வைத்து 2+3*4-ஐ ஓட்டிக் காட்டும்மா" என்றேன். பேனா நகரவில்லை. "வகுப்புல அனிமேஷன் போட்டாங்க சார், கடகடன்னு ஓடி முடிஞ்சிடுச்சு" என்றாள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால் பிடிக்கும் அவருடைய பழைய மங்குகள் சில இன்னும் வீட்டில் கிடக்கின்றன. அடுத்த வாரம் அவற்றைக் கொண்டுபோய், துண்டுத்தாள் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். 2, அதன் மேல் +, அதன் மேல் 3. கையில் அடுத்ததாக *. "இப்போது 2+3-ஐ ஒன்றாக்கிவிடலாமா, இல்லை * மேலே ஏறட்டுமா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் இருந்த பையன், "சேர்த்தா 20 வந்துடும் சார், 14 வராது" என்றான். அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ஏன் ரெட்யூஸ் (இருப்பதை ஒன்றாக்குவது) இல்லாமல் ஷிஃப்ட் (அடுத்ததை மேலே ஏற்றுவது) இருக்கிறது என்பது அப்போதுதான் அந்த மாணவிக்குப் பிடிபட்டது. பிறகு இதையே திரையில் அடி அடியாக ஓட்டிக் காட்டும் ஜேஃப்ளாப் என்ற மென்பொருளைத் திறந்தோம். அடுத்தது என்ன என்று தாளில் எழுதியவர்களுக்கு மட்டும்தான் ஸ்டெப் பட்டன்.

அதே கணக்கைக் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இணையதளத்திலும் போட்டோம். இடப்பக்கம் சி நிரல், வலப்பக்கம் கம்பைலர் அதை மாற்றித் தரும் அசெம்பிளி. கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை, வெறும் 14. "பெருக்கல் எங்க சார் போச்சு?" கம்பைலரே கணக்கைப் போட்டு முடித்துவிட்டது என்று சொல்லி அரை மணி நேரம் பேசினோம். ஸ்லைடில் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹண்ட்ஹவுசன், டக்ளஸ், ஸ்டாஸ்கோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2002இல், அல்காரிதங்களைப் படமாகக் காட்டிக் கற்பிப்பது பற்றிய 24 சோதனைகளை அலசி, படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட மாணவர் அதை வைத்து என்ன செய்கிறார் என்பதே முக்கியம் என்று எழுதினார்கள். நம் வகுப்புகளிலோ படம் ஓடுகிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், மணி அடிக்கிறது.

படம் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிறுத்தி, மாணவர்களை ஊகிக்க விடுங்கள். தேர்வில் முழு அட்டவணை கேட்பதற்குப் பதில், ஒரு கட்டத்தைக் காட்டி "இங்கே ஏன் ஷிஃப்ட்?" என்று கேளுங்கள். ஜேஃப்ளாப் கோப்பையும் பாடக்குறிப்போடு கொடுத்துவிடுங்கள். கணினியில் ஜாவா இருந்தால் போதும், இன்டர்நெட் லைன் வேண்டாம். எங்கள் பக்கம் மழை வந்தால் லைன் இருக்காது.

ஏதாவது ஒரு சனிக்கிழமை மாடிக்கு வாருங்கள். மங்குகள் அலமாரியில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு டியூஷன் ஆசிரியர்
சுங்கை சிப்புட்