கென்யா டூர் புகார்: மஞ்சள் காய்ச்சல் ஊசி பத்தி பாதிய மட்டும் சொன்னதும், எங்களுக்கு வர வேண்டிய பணமும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்ங்க,

நான் ஈரோட்டுல இருந்து எழுதறேன். உங்க கஸ்டமர் கேருக்கு போன் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற யாரோ எடுக்கறாங்க, மறுபடி முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கு, அதனால மொத்தத்தையும் ஒரே மெயில்ல போட்டுடறேன். நீளமாத்தான் இருக்கும், தயவு செஞ்சு ஒரு மனுஷர் உக்காந்து படிச்சு பதில் போடுங்க, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ங்கற ஆட்டோமேட்டிக் ரிப்ளை ஏற்கனவே என்கிட்ட நிறைய இருக்கு.

காலாண்டு லீவுல கென்யாவுல இருக்கற மசாய் மாரா வனவிலங்கு காப்பகத்துக்கு போற உங்க குரூப் டூர்ல நான், வீட்டுக்காரர், பையன், என் மாமியார்னு நாலு பேருக்கு புக் பண்ணோம். அந்த சீசனை எடுத்ததுக்கே காரணம் மாரா ஆத்தை வில்டிபீஸ்ட் (பாக்க மாடு மாதிரி இருக்கற ஒரு வகை மான்) கூட்டம் கூட்டமா தாண்டறத பாக்கணும்னுதான், ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும்தான் அதுங்க கென்யா பக்கம் இருக்கும், அப்புறம் மழையைத் தேடி திரும்ப தான்சானியா பக்கம் செரெங்கெட்டிக்கு இறங்கிடும். உங்க பிரோஷர் அட்டையிலயே அந்த போட்டோதான் போட்டிருக்கீங்க.

ஜூன் மாசம் அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே உங்க கோஆர்டினேட்டர்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன். "ஆப்பிரிக்கா போறதுனா ஏதோ ஊசி போடணும்னு சொல்றாங்களே, எங்க அத்தைக்கு 64 வயசு, மூட்டு வாதத்துக்கு டெய்லி வைத்தியம் ஓடுது, அவங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனை வருமா"னு இதே வார்த்தைல கேட்டிருக்கேன். வந்த பதில்: "இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு கென்யாவுல எந்த வேக்சினும் கட்டாயம் இல்ல மேடம், தைரியமா புக் பண்ணுங்க." கூடவே ஒரு சிங்கம் ஸ்டிக்கர். ஸ்கிரீன்ஷாட் இணைச்சிருக்கேன்.

அந்த பதில் பொய்னு நான் சொல்லல. மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாட்டுல இருந்து வர்றவங்ககிட்டதான் கென்யாக்காரங்க ஊசி போட்டதுக்கான கார்டு கேப்பாங்க, இந்தியாவுல அந்த நோயே இல்ல, அதனால நம்மகிட்ட கேக்க மாட்டாங்க. ஆனா திரும்பி வர்றப்போ கேக்கறது நம்ம கவர்மெண்டுங்க! நம்ம நாட்டோட மஞ்சள் காய்ச்சல் லிஸ்ட்டுல கென்யா இருக்கு, அங்க போயிட்டு செல்லுபடியாகற கார்டு இல்லாம வந்து இறங்குனா ஏர்போர்ட் சுகாதார அதிகாரிங்க ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்கலாம். இவ்வளவு கறாரா இருக்கறதுக்கும் காரணம் இருக்கு, டெங்குவைப் பரப்பற அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்பும், அந்த கொசு நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு இருக்கு, வைரஸ் மட்டும்தான் இன்னும் வரல. 2016ல அங்கோலாவுல இருந்து ஊர் திரும்புன 11 பேர் மூலமா இது சீனாவுக்குள்ள போச்சு. 2022ல கென்யாவுலயே இசியோலோ பக்கம் பரவல்னு அறிவிச்சாங்க. இதெல்லாம் நான் அப்புறமா தெரிஞ்சுகிட்டது, ஆனா வருஷம் முழுக்க ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பற கம்பெனிக்கு இது பாலபாடம் இல்லீங்களா? போறப்போ தேவையில்லைங்கறத மட்டும் சொல்லி வர்றப்போ தேவைங்கறத விட்டுட்டு பணம் வாங்கியிருக்கீங்க.

முழுப் பணமும் கட்டி, லீவு சொல்லி, அத்தை வாழ்க்கையிலயே முதல் தடவையா ஷூ வாங்கி வீட்டுக்குள்ளயே போட்டு நடந்து பழகி, எல்லாம் ஆச்சு. கிளம்பறதுக்கு ஒரு வாரம் கூட இல்லாதப்போ உங்க "ஃபைனல் செக்லிஸ்ட்" பிடிஎஃப் வருது. அதுல எந்த கலர் சட்டை போடணும்னு அரைப் பக்கம் இருக்கு, நீலமும் கருப்பும் போட்டா செட்சினு கடிக்கற ஒரு ஈ வருமாம். பிளாஸ்டிக் கவர் கொண்டு வராதீங்க, 2017ல இருந்து கென்யாவுல தடைனு தடித்த எழுத்துல இருக்கு. தொப்பி, பைனாகுலர், சார்ஜர் பின்னு எல்லாத்துக்கும் படம். கடைசிப் பக்கத்துல, டிரைவருக்கு டிப்ஸ் எவ்வளவு குடுக்கணும்ங்கறதுக்கும் கீழ, ஒத்த வரி: "மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டு அவசியம்." எங்க போடணும், எத்தனை நாள் முன்னாடி போடணும், யாருக்கு போடக்கூடாது, ஒண்ணுமே இல்ல. மலேரியா பத்தி அது கூட இல்ல, கொசு கிரீம் எடுத்துக்கோங்கனு மட்டும். மலேரியா வராம தடுக்கற டாக்ஸிசைக்ளின் மாதிரி மாத்திரைய கிளம்பறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு ஊர் திரும்பி நாலு வாரம் வரைக்கும் விடாம சாப்பிடணும்னு எங்க ஊர் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

இந்த ஊசி பக்கத்து கிளினிக்ல போய் போட்டுக்கற விஷயம் இல்லைங்க. கவர்மெண்ட் அங்கீகாரம் குடுத்த மையத்துல போட்டாத்தான் அந்த மஞ்சள் கார்டு செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், அப்புறம் துறைமுக சுகாதார அலுவலகம்னு விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு குப்பியைத் திறந்தா அதுல இருக்கற அத்தனை டோஸையும் சில மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சாகணும், அதனால ஆள் சேத்து, குறிப்பிட்ட நாள்ல, பதிவு பண்ணவங்களுக்குத்தான் போடறாங்க. ராத்திரி ரயில் ஏறி, ஒரிஜினல் பாஸ்போர்ட்டோட நாலு பேரும் போனோம். அங்க இருந்தவங்க தன்மையாத்தான் பேசுனாங்க, அதையும் சொல்லணும்.

அத்தைகிட்ட வயசு கேட்டாங்க, என்ன மாத்திரை சாப்பிடறீங்கனு கேட்டாங்க, மருந்துச் சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட்னு (மூட்டு வாதத்துக்கு குடுக்கற, எதிர்ப்புசக்தியைக் குறைக்கற மருந்து) பாத்ததும் டாக்டர் முடியாதுன்னுட்டார். இது உயிருள்ள வைரஸை வலுக்குறைச்சு செய்யற ஊசி, எதிர்ப்புசக்தியைக் குறைக்கற மருந்துல இருக்கறவங்களுக்கு போட்டா அந்த ஊசி வைரஸே உடம்புக்குள்ள பெருகி ஆபத்தாயிடலாம், 60 வயசுக்கு மேல முதல் தடவை போடறவங்களுக்கே யோசிச்சுதான் போடுவோம், இவங்களுக்கு ரெண்டுமே இருக்குன்னு பொறுமையா விளக்கினார். அத்தை ஒண்ணும் சொல்லல, எங்களை மட்டும் போட்டுக்கச் சொன்னாங்க.

நாங்க மூணு பேரும் போட்டுகிட்டோம், ஆனா கார்டு செல்லுபடியாகறது ஊசி போட்ட பத்தாவது நாள்ல இருந்துதான். (ஒரு தடவை போட்டா ஆயுசு முழுக்க செல்லும், 2016 ஜூலையில இருந்து அப்படி மாத்திட்டாங்க, அதனால ஜூன் மாசமே சொல்லியிருந்தா ஒரு நாள் வேலையா முடிஞ்சிருக்கும்.) இத உங்க கோஆர்டினேட்டர்கிட்ட சொன்னதும் அவர் குடுத்த ஐடியா ரெண்டு.

முதல் ஐடியா, "டூர் முடிச்சு திரும்பறதுக்குள்ள பத்து நாள் ஆயிடும் மேடம், ஒண்ணும் ஆகாது". அந்த பத்து நாள் உடம்புல எதிர்ப்புசக்தி உருவாகறதுக்கான நேரம்ங்க. அது உருவாகறதுக்கு முன்னாடியே பையனைக் கூட்டிட்டு போய் மாராவுல கொசுக்கடியில நிறுத்தணுமா? இங்க விமானம் ஏறறப்போவே கார்டு பாத்து நிறுத்திட்டா என்ன பண்றதுனு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல.

ரெண்டாவது ஐடியாவைத்தான் உங்க மேனேஜ்மெண்ட் கவனமா படிக்கணும். போன்ல, எழுத்துல இல்ல, "நமக்கு தெரிஞ்ச ஆள் இருக்கார், பழைய தேதி போட்டு கார்டு வாங்கித் தந்துடுவார், அம்மாவுக்கும் சேத்து, தலைக்கு மூவாயிரம்" அப்படின்னார். ஊசியே போடாம கார்டு! போடக்கூடாதுனு டாக்டர் சொன்ன ஒரு வயசானவங்களை, போட்டதா பொய் கார்டு குடுத்து, பாதுகாப்பே இல்லாம நோய் இருக்கற நாட்டுக்கு கூட்டிட்டு போறது எந்த ஊர் நியாயம்? மாட்டினா பாஸ்போர்ட்டோட நிக்கப்போறது நாங்க, உங்க ஆள் போனை எடுக்க மாட்டார். இது அந்த ஒருத்தரோட வேலையா இல்ல உங்க ஆபீஸ் வழக்கமானு எனக்கு தெரியாது, விசாரிச்சு எழுத்துல பதில் குடுங்க. அந்த கால் வந்த தேதி, நேரம் என் போன்ல இருக்கு.

வேற வழி இல்லாம நாங்க மூணு பேரும் தேதியை நவம்பர் குரூப்புக்கு மாத்தினோம். அதுக்கு தலைக்கு 18,000 ரூபா "அமெண்ட்மெண்ட் சார்ஜ்" வாங்கினீங்க. பையன் ஸ்கூலுக்கு லீவு போட வேண்டியதாச்சு. போனோம், சிங்கம் பாத்தோம், யானை பாத்தோம், உங்க டிரைவர் தங்கமான மனுஷர், சாப்பாடும் குறை சொல்ல முடியாது. ஆனா நவம்பர்ல ஆத்தங்கரையில முதலை மட்டும் வெயில் காஞ்சுட்டு இருந்துச்சு, பிரோஷர் அட்டையில இருந்த கூட்டம் எல்லையைத் தாண்டிப் போயிடுச்சு.

அத்தைக்கு கட்டின 2,15,000 ரூபால 40,000 மட்டும் திருப்பிக் குடுத்துட்டு, "உடல்தகுதி காரணமா பயணி ரத்து செஞ்சா கம்பெனி பொறுப்பில்ல"ங்கற கண்டிஷனைக் காட்டறீங்க. அவங்க உடம்பு ஜூன்லயும் இதேதான், மருந்தும் இதேதான், நான் மறைக்கவும் இல்ல, பணம் கட்டறதுக்கு முன்னாடி நானே சொல்லி கேட்டேன். அன்னைக்கே "மஞ்சள் காய்ச்சல் ஊசி வேணும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு புக் பண்ணுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தா அவங்க பேர்ல புக்கிங்கே வந்திருக்காது. "சுகாதார ஆவணங்கள் பயணியின் பொறுப்பு"னு இன்னொரு கண்டிஷனும் காட்டினார் உங்க சூப்பர்வைசர். ஆவணம் எடுக்கறது எங்க பொறுப்புதான், அதுக்கு என்ன ஆவணம்னு கேட்டப்போ சரியா சொல்றது உங்க பொறுப்பு, அதுக்குத்தானே சர்வீஸ் சார்ஜ்னு தனியா ஒரு வரி போட்டு வாங்கறீங்க?

அதனால எனக்கு வேண்டியது: அத்தை கணக்குல மீதி 1,75,000 ரூபா, எங்க மூணு பேர்கிட்ட வாங்குன அமெண்ட்மெண்ட் சார்ஜ் 54,000 ரூபா, ஆகமொத்தம் 2,29,000 ரூபா. சென்னை போய்வந்த செலவை நான் கேக்கல, அந்த ஊசி எப்படியும் போட வேண்டியதுதான். அடுத்த டூருக்கு தள்ளுபடி கூப்பன் தர்றேன்னு சொன்னீங்க, வேண்டாம், பணமா குடுங்க. இதோட, கென்யா, உகாண்டா, எத்தியோப்பியானு எந்த டூருக்கு ஆள் சேத்தாலும் பணம் வாங்கறதுக்கு முன்னாடியே ஊசி விவரத்தையும், யாருக்கு அது ஆகாதுங்கறதையும், பத்து நாள் கணக்கையும் எழுதிக் குடுங்க, சட்டை கலருக்கு குடுத்த இடத்துல பாதி போதும்.

இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பணம் வரலைனா 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுவேன், 2019 சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே போடலாம், நீங்கதான் சென்னையில இருந்து வந்து போகணும். புக்கிங் ரசீது, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், செக்லிஸ்ட் பிடிஎஃப், அத்தையோட மருந்துச் சீட்டு, ஊசி போட முடியாதுனு டாக்டர் எழுதிக் குடுத்த கடிதம், அமெண்ட்மெண்ட் சார்ஜ் பில் எல்லாம் இணைச்சிருக்கேன். பணத்தை நாங்க கட்டின அதே அக்கவுண்டுக்கு அனுப்பினா போதும்.

இப்படிக்கு,
உங்க நவம்பர் குரூப்ல வந்த ஈரோடு வாடிக்கையாளர்
(புக்கிங் நம்பர் ரசீதுல இருக்கு)