மணிக்கூட்டைக் கழித்தால் மணித்தியாலம் வராது

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற ஞாயிறு மலரில் கொழும்பிலிருந்து லண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர் என்று சரியாக எழுதிவிட்டு, பயண நேரம் ஆறரை மணித்தியாலம் என்று போட்டிருந்தீர்கள். எழுதியவர் பயணச்சீட்டில் சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் நேரசூசியோடு மாரடித்தவன் நான்; பார்த்தவுடன் பிடிபட்டது. (தலைநகர் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை அல்லவா என்றும் யாராவது எழுதுவார்கள். இரண்டிலுமல்ல, விமானம் ஏறுவது கட்டுநாயக்கவில்.)

கடந்த யூலையில் மகளிடம் போன சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் பிற்பகல் 1.05, ஹீத்ரோவில் இரவு 7.40. கழித்தால் ஆறு மணி முப்பத்தைந்து. திரும்பும்போது இரவு 8.40க்கு ஏறி மறுநாள் முற்பகல் 11.55க்கு இறங்கினோம். கழித்தால் பதினைந்தேகால்! கோடையில் லண்டன் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னே நிற்கிறது. போகும்போது அதைக் கூட்டி, வரும்போது கழித்தால் பதினொன்று ஐந்து, பத்து நாற்பத்தைந்து. இருபது நிமிட மிச்சம், மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று முதுகில் தள்ளிக் கொடுத்தது. மாரியில் வித்தியாசம் ஐந்தரையாகிவிடும். உங்கள் கட்டுரையாளர் அப்போது ஐந்தரை மணித்தியாலத்திலேயே லண்டன் போய்விடுவார்.

தூரத்திலும் ஒரு சங்கதி. பேத்தியின் பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தேன். ஈரான், கருங்கடல், ஒடெசா என்று போனது. ஆசனத்துக்கு முன்னிருந்த திரையில் விமானமோ துருக்கிப் பக்கம் வளைந்தது. உக்ரேன் வான்பரப்பு 2022 பெப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது. 8,700 என்பது நூலின் கணக்கு, விமானியின் கணக்கு அதற்கு மேலே.

இரண்டு மணிக்கூட்டின் கரைச்சலை நான் விமானத்தில் படிக்கவில்லை. 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. சமாதான காலத்தில் வித்தியாசம் அரை மணித்தியாலம். நான் வவுனியா புகையிரத நிலையத்தில் கடமையிலிருந்தேன். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வன்னியிலிருந்து வந்த முதியவர் ஒருவர் உரப்பையை மேடையில் இறக்கிவைத்து, "தம்பி, வண்டிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறதே" என்று கைக்கடிகாரத்தை நீட்டினார். கடைசிப் பெட்டி அப்போது கண்ணுக்கு மறைந்துகொண்டிருந்தது. அவருடைய கடிகாரத்தில் ஒரு நிமிடமும் பிழையில்லை. 2006 ஏப்ரலில்தான் நாடு முழுதும் பழையபடி ஒரே நேரத்துக்கு வந்தது.

ஆகவே பயண மணித்தியாலத்தைத் தனியே போடுங்கள். புறப்பாடும் சேர்வும் எந்த ஊர் நேரம் என்றும் எழுதுங்கள். முடிந்தால் யாழ்ப்பாணம் – கட்டுநாயக்க கணக்கையும் ஒரு வரி சேருங்கள். 400 கிலோமீற்றர்கூட இல்லை. நாங்கள் இரவு ஒன்பதரைக்குக் கோண்டாவிலில் பஸ் ஏறினோம், இறங்கும்போது காலை ஆறு. இதை நீங்கள் தாராளமாகக் கழித்துப் பார்க்கலாம்.

ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்,
கோண்டாவில்.