கோப்பைத் திறக்காத கதாநாயகன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், மாவட்ட நிர்வாகத்தைத் தெரிந்துகொள்ள வாசிக்க வேண்டிய நகைச்சுவை நாவல் என்று உபமன்யு சட்டர்ஜியின் ‘இங்கிலீஷ், ஆகஸ்ட்’ உங்கள் புத்தகப் பக்கத்தில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. 1988இல் வந்த ஆங்கில நாவல் அது. 1994இல் தேவ் பெனகல் இயக்கத்தில் படமாகவும் வந்தது. நிர்வாகம் தெரிந்துகொள்ள அதை எடுப்பவர்கள் நிச்சயம் ஏமாந்துபோவார்கள். சிரிப்பதற்காக எடுப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது என்பது என் கருத்து.

கதாநாயகன் அகஸ்தியா சென்னுக்கு 24 வயது. தந்தை வங்காளத்தின் ஆளுநர். ஐ.ஏ.எஸ். தேறி, ஓராண்டு மாவட்டப் பயிற்சிக்காக மத்னா என்ற கற்பனை ஊருக்கு வந்து சேர்கிறான். வெயிலுக்குப் பேர்போன ஊர். அறைக்குள் கஞ்சாவும், ரோமானியப் பேரரசரும் தத்துவஞானியுமான மார்க்கஸ் அரேலியஸின் புத்தகமும். வெளியே, விசாரிப்பவர்களிடமெல்லாம் தன்னைப் பற்றி வாய்க்கு வந்த பொய். தொடக்க அத்தியாயங்களில் இது நன்றாகவே எடுபடுகிறது. துறை துறையாகப் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் அதிகாரி அறையிலும் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும் பயிற்சியாளனின் நிலை உண்மையானது. பயிற்சி அட்டவணையில் கருவூலம், நில அளவை, தாசில்தார் அலுவலகம், காவல் துறை, வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாதவரிடம் கோப்பு வராது. கோப்பு வராதவருக்குப் புள்ளிவிவரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சலிப்பு தட்டுவது இதனால்தான்.

சட்டர்ஜி 1983இல் பணியில் சேர்ந்து மகாராஷ்டிரப் பிரிவில் வேலை பார்த்தவர். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நாவல் இந்தக் காரணத்துக்குள் போகவே இல்லை. சலிப்பை அந்த இளைஞனின் சுபாவமாகவே எடுத்துக்கொண்டு அதே அறை, அதே புகை, அதே கொசு என்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரே வேடிக்கை மூன்றாவது முறை வரும்போது சிரிப்பு வருவதில்லை.

மாவட்ட அலுவலகத்தில் சிரிக்க விஷயமே இல்லையென்றால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கொட்டிக் கிடக்கிறது. ஆசிரியர் பணியாற்றிய மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிர விவசாயி எதற்கெடுத்தாலும் காட்ட வேண்டிய காகிதம் ‘சாத்பாரா’, அதாவது 7/12. கிராமப் படிவம் 7இல் நிலம் யாருடையது, என்ன கடன் இருக்கிறது, வேறு யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் இருக்கும். படிவம் 12இல் அந்த ஆண்டின் பயிர். இரண்டும் ஒரே தாளில் வருவதால் அந்தப் பெயர். நம் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். நிலத்துக்காரர் இறந்துவிட்டால், நம் கிராம நிர்வாக அலுவலரைப் போன்ற தலாட்டி, படிவம் 6 என்னும் ‘ஃபேர்ஃபார்’ பதிவேட்டில் வரிசை எண் போட்டு வாரிசுகளின் பெயரை எழுத வேண்டும். நகலைச் சாவடியில் ஒட்டி, சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபத்துக்கு 15 நாள் விட வேண்டும். ஆட்சேபம் வந்தால் தகராறுப் பதிவேட்டுக்குப் போகும். வராவிட்டால் தலாட்டிக்கு மேலதிகாரியான சர்க்கிள் ஆபீசர் சரிபார்த்துச் சான்று எழுதுவார். அதன் பிறகுதான் 7/12இல் பெயர் மாறும். 1966ஆம் ஆண்டின் நில வருவாய்ச் சட்டம், 150ஆம் பிரிவு சுருக்கமாகச் சொல்வது இவ்வளவுதான்.

கெடுவது எங்கே என்றால், ஒவ்வொரு படியிலும். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை அண்ணன் தம்பிகள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். மும்பையில் வேலை பார்க்கும் வாரிசுக்கான அறிவிப்பு, அவர் எப்போதோ காலி செய்த கிராமத்து வீட்டுக்கே போகும். கட்டி முடித்த கூட்டுறவுச் சங்கக் கடன் ‘பிற உரிமைகள்’ கட்டத்தில் அப்படியே நிற்கும். பெயர் மாற்றம் தடைப்பட்ட நிலத்தில், செத்துப்போனவர் பெயரிலேயே வருடா வருடம் பருத்தி விதைத்ததாகப் பதிவாகும். 7/12ஐக் கையில் வைத்துக்கொண்டு வயல்வரப்பில் நின்று, காகிதத்தில் இருக்கும் பயிரையும் கண்ணெதிரே இருக்கும் பயிரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்தப் பயிற்சி அதிகாரிக்கும் ஆரம்பப் பாடம். அகஸ்தியாவை அப்படி ஒரு வரப்பில் நிறுத்தியிருந்தால், அவன் சொல்லும் பொய்களைவிடச் சுவையான பொய்கள் அந்தத் தாளிலேயே கிடைத்திருக்கும்.

பைசேவாரியும் அப்படித்தான். வழக்கமான விளைச்சலை ஒரு ரூபாய் என்று வைத்து, இந்த ஆண்டு எத்தனை பைசா என்று ஊர் ஊராகச் சொல்லும் கணக்கு. 50 பைசாவுக்குக் கீழே போனால்தான் நில வரி, பம்புசெட் மின்கட்டணம், பிள்ளைகளின் தேர்வுக் கட்டணம், கடன் வசூல் ஆகியவற்றில் சலுகை. எனவே 52க்கும் 48க்கும் நடுவில் ஓர் ஊரின் ஓராண்டு வாழ்வே இருக்கிறது. விளைச்சலை அளக்க நடத்தும் சோதனை அறுவடைக்கு எந்த வயலைத் தேர்ந்தெடுப்பது, அதில் எந்த மூலையை அளந்து கயிறு கட்டுவது, தானியத்தை ஈரத்தோடு நிறுத்தார்களா காயவைத்து நிறுத்தார்களா என்பதையெல்லாம் தலாட்டி முதல் எம்.எல்.ஏ. வரை விவாதிப்பார்கள். நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாவலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது சிபாந்தி கிராமத்துப் பகுதி. மத்னா மாவட்டத்து ஜொம்பன்னாவில் வட்டார வளர்ச்சி அலுவலராகப் பொறுப்பில் இருக்கும் அகஸ்தியாவைத் தேடிப் பழங்குடிப் பெண்கள் தண்ணீர் கேட்டு வருகிறார்கள். போய்ப் பார்க்கிறான்: வற்றிய கிணற்றுக்குள் குழந்தைகளைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். நாவலின் மிகச் சிறந்த இடம் இதுதான். இங்கேதான் அவனிடம் அதிகாரமும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் இதை விரைந்து கடந்து, மறுபடியும் அவன் மனக்குழப்பத்துக்கே திரும்பிவிடுகிறார்.

உண்மையில் ஒரு வட்டார அலுவலர் அந்தக் கிணற்றடியில் தொடங்கிச் செய்ய வேண்டியது எத்தனை! எடுத்த எடுப்பில் டேங்கர் கிடையாது. அது கடைசி வழி. முதலில், பக்கத்தில் ஊறும் தனியார் கிணறு இருந்தால் அதை வாடகைக்குக் கையகப்படுத்த வேண்டும். ஊர்க் கிணற்றில் தூர் வாரலாமா, ஆழப்படுத்தலாமா என்று பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு என்றால் மாநில நிலத்தடி நீர் முகமையின் நிலவியலாளர் வந்து இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். இவை எதுவும் ஆகாது என்று எழுதிய பிறகே டேங்கர். அதற்கும் ஊராட்சியின் தீர்மானம் வேண்டும். வட்டார அலுவலரும் தாசில்தாரும் சேர்ந்து பார்வையிட்ட அறிக்கை வேண்டும்.

கிராமத்துக்கு மகாராஷ்டிரத்தில் பின்பற்றும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர். 600 பேர் உள்ள ஊர் என்றால் 12,000 லிட்டர். அந்தக் கொள்ளளவுள்ள லாரி மலைச்சரிவில் ஏறாது என்றால் சிறிய வண்டியைப் பல நடை விட வேண்டும்; அதற்கு வேறு அனுமதி. ஊரில் தொட்டி இல்லாவிட்டால் தண்ணீரைக் கிணற்றிலேதான் கொட்டுவார்கள். பாறை வெடிப்புள்ள கிணறு என்றால் மாலைக்குள் பாதி கீழே போய்விடும். கொட்டியதும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 12,000 லிட்டருக்கு 30 கிராம். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மூட்டையைத் திறந்து வைத்துப் பல நாளான பவுடரில் வீரியம் இருக்காது. அளவு சரியாக இருந்தும் வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். ஓட்டுநரின் லாக் புக்கில் ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஊர்த் தலைவரின் கையெழுத்து மட்டும் போதும் என்று விட்டால் ஒரு நடை கணக்கில் இரண்டு நடையாகும். போன வருட பில் பாஸாகவில்லை என்றால் ஒப்பந்ததாரர் ஏப்ரலில் வண்டியை நிறுத்திவிடுவார். அந்த பில் எந்த மேசையில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதிகாரியின் அன்றைய வேலை.

இந்தத் துரத்தலில் சிரிப்பும் உண்டு, கோபமும் உண்டு, கிணற்றுக்குள் இறங்கும் பிள்ளைகளின் உயிரும் உண்டு. அகஸ்தியா அந்த பில்லைத் தேடிப் போயிருந்தால் அவனுக்குச் சலிக்க நேரமே இருந்திருக்காது. நாவல் நின்று பார்த்திருக்க வேண்டியது இங்கே.

நின்று பார்க்காததால் பழங்குடி மக்கள் கதாநாயகனின் மனநிலைக்குப் பின்னணியாகவே தங்கிவிடுகிறார்கள். வனத்துறை அதிகாரியின் கைகள் வெட்டப்படும் கொடூரமான நிகழ்ச்சியும் அப்படியே. வாசகரை அதிரவைக்கிறது, ஆனால் காடு, கூலி, பெண்கள் மீதான அத்துமீறல் ஆகியவற்றின் நெடுநாள் கணக்குக்குள் நம்மை அழைத்துப் போகவில்லை. பெண் பாத்திரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலும் அகஸ்தியாவின் கண் படும் இடங்களாகவே வந்து போகிறார்கள்.

இதன் தொடர்ச்சியாக 2000இல் ‘தி மம்மரீஸ் ஆஃப் தி வெல்ஃபேர் ஸ்டேட்’ வந்தது; 2004இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அரசாங்கக் காகிதம் அதில் நிறையவே உண்டு, மத்னாவில் பிளேக் நோயும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கிவிட்டதால் எந்தக் கோப்பு எங்கே, ஏன் நின்றது என்பது அதிலும் தெரிவதில்லை.

ஆங்கில நடைக்காகவும், சிறு நகரத்தில் வந்து இறங்கும் பெருநகரப் பையனின் திகைப்புக்காகவும் ‘இங்கிலீஷ், ஆகஸ்ட்’ நாவலின் முதல் பகுதியைத் தாராளமாகப் படிக்கலாம். அந்தப் பரிந்துரையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், ‘மாவட்ட நிர்வாகத்தைத் தெரிந்துகொள்ள’ என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர்,
மும்பை.