அந்தப் போத்தலைத் திறக்காதே, பிள்ளை

வட்டக்கச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ ரொறொன்ரோவிலிருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே கோல் அறுந்துபோனது. பாத்ரூம் பேசினில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது, ஆனால் நாறுகிறது, முகம் கழுவக் குனிய முடியவில்லை, ஓட்டைக்குள் ஊற்ற அடைப்பு நீக்கும் மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் என்றாய். அவ்வளவுதான் கேட்டது. இரவு முழுக்க அந்தப் போத்தல்தான் என் நினைவில் நின்றது. அதனால் இதை எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து அனுப்புவான். வாசித்து முடியும்வரை அதைத் திறக்காதே.

அந்த மாதிரி மருந்துகள் பலவற்றில் இருப்பது கோஸ்டிக் சோடா. என் பெரியப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. சின்ன வயதில் எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்வார்: "கையில பட்டா உடனே எரியாதடா. முதல்ல சவர்க்காரம் மாதிரி வழுக்கும். உன்ர தோலில இருக்கிற கொழுப்புத்தான் சவர்க்காரமா மாறுது. எரியத் தொடங்கேக்க பிந்திப்போயிடும்." அது தண்ணீரோடு சேர்ந்தால் நன்றாகச் சூடேறும். குழாயில் எங்கேயாவது தேங்கி நின்றால் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பிறகு யார் அந்தக் குழாயைக் கழற்றுகிறாரோ அவர் கண்ணில் தெறிக்கும். உன் பேசினில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது என்கிறாய். அடைப்பே இல்லாத இடத்தில் அதை ஊற்றி என்ன செய்யப்போகிறாய்?

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். போன மாதம் எங்கள் பேசினின் மூடியை இழுத்தெடுத்தேன். அதன் காலில் உன் அம்மாவின் தலைமயிர் கயிறு மாதிரித் திரண்டு சுற்றியிருந்தது. மயிரைச் சுற்றி மூக்குச்சளி போல ஒரு சாம்பல் நிறப் படலம். விரலால் தொட்டால் நீளமாக இழுபட்டு வந்தது. மேலே, தண்ணீர் விளிம்பில், மெல்லிய ரோஸ் நிறக் கோடு. இதெல்லாம் வெறும் ஊத்தை இல்லை, பிள்ளை. உயிருள்ளது. பற்பசை, சவர்க்காரம், எங்கள் தோலிலிருந்து உதிரும் துகள் எல்லாவற்றையும் தின்று கிருமிகளும் பூஞ்சணமும் ஒன்றாகக் கூடி வளர்ந்து, தங்களைச் சுற்றிப் பசை கட்டிக்கொள்கின்றன. அந்தப் பசைதான் வழுவழுப்பு. நாற்றமும் அவை விடுவதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து ஒட்டுவதால் இங்கே இன்னும் கெதியாகக் கட்டிவிடும்.

பசைக்குள் இருப்பதால்தான் மேலே எதை ஊற்றினாலும் அவை முழுதாகச் சாவதில்லை. மேல்தோல் கரையும், அடியில் இருப்பது மிஞ்சும், ஒரு கிழமையில் திரும்ப வளர்ந்துவிடும். தேய்த்து எடுக்கத்தான் வேண்டும். 2010க்குப் பிறகு சனங்கள் மீளக்குடியேறி வீடு கட்டிய காலத்தில் நான் பூட்டிய பைப்புகளுக்குக் கணக்கில்லை. நாறுகிறது என்று திரும்பக் கூப்பிட்ட வீடுகளில் அநேகமாகப் பிரஷ்தான் வேலையை முடித்தது.

ஆகவே இப்படிச் செய். கையுறை போடு. மூடியை மேலே இழுத்துப் பார், அல்லது திருகிப் பார். வராவிட்டால் பேசினுக்குப் பின்னால், கீழே, ஒரு சின்னக் கம்பி அதைப் பிடித்திருக்கும். அதன் நட்டை இளக்கிக் கம்பியைப் பின்னுக்கு இழுத்தால் மூடி கழன்றுவிடும். மயிரைக் கையாலேயே எடுத்துக் குப்பையில் போடு, திரும்ப ஓட்டைக்குள் விடாதே. பிறகு போத்தல் கழுவுகிற நீளப் பிரஷில் பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, குழாயின் உள்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய். சுடுதண்ணீர் விடு, ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். பிளாஸ்டிக் பைப் அந்தச் சூட்டைத் தாங்காது.

பேசின் நிரம்பி வழியாமல் இருக்க மேலே ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது பார், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கீழே எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை என்றால் பெரும்பாலும் அந்த இருட்டுப் பாதையில்தான் இருக்கும். மெல்லிய பிரஷை அதற்குள் விட்டுத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரைக் குவளையால் ஊற்று.

அம்மா அப்பச்சோடாவும் வினாகிரியும் போடச் சொல்கிறா. போடலாம், ஆபத்தில்லை. நுரைத்து வருவது வெறும் காற்று. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது அநேகமாகத் தண்ணீர்தான். தேய்த்த பிறகு மணத்துக்குக் கொஞ்சம் உதவும். தேய்க்காமல் அதை மட்டும் நம்பாதே.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பிளீச்சோடு வினாகிரியோ, கழிப்பறை கழுவும் அசிட்டோ சேரக் கூடாது. என்னோடு வேலை செய்த பொடியன் ஒருவன், கதவு சாத்திய கழிப்பறையில் ஒன்றை ஊற்றி, போதாது என்று மற்றதையும் ஊற்றினான். இருமிக்கொண்டே வெளியே வந்து நிலத்தில் இருந்துவிட்டான், கண் இரண்டும் சிவந்து. குளோரின் வாயு, பிள்ளை. பெரியப்பா சிலிண்டரில் அடைத்து அனுப்பிய அதே சாமான். உன் பாத்ரூமுக்கு ஜன்னல் இல்லை என்று முன்பே சொல்லியிருக்கிறாய். எந்த நாளும் இதை மறக்காதே.

இத்தனையும் செய்து இரண்டு நாளில் நாற்றம் திரும்பினால் பேசினுக்குக் கீழே உள்ள குழாய் வளைவைப் பார்க்க வேண்டும். இங்கே எங்கள் பேசின் தண்ணீர் நேரே வாழையடிக்குப் போகிறது. ரொறொன்ரோவில் அது நகரத்தின் பெரிய கழிவுக் குழாயோடு சேர்கிறது. கீழே உள்ள வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் அங்கேயிருந்து வரும் காற்றை மறிக்கிற கதவு. நீ இரண்டு மூன்று கிழமை வீட்டில் இல்லாமல் வந்தால் அது வற்றியிருக்கலாம், குழாயைத் திறந்து ஒரு நிமிடம் விட்டால் போதும். கழிப்பறையில் தண்ணீர் இழுக்கும்போது பேசினுக்குள் களகள என்று சத்தம் வந்தால், அது நீ செய்கிற வேலை இல்லை, வீட்டுக்காரரிடம் சொல்.

வளைவைக் கழற்றுவதென்றால் தனியாகத் தொடங்காதே. சனிக்கிழமை இரவு உனக்கு 8.30 என்றால் எனக்கு ஞாயிறு காலை 6 மணி. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு வீடியோ கோல் எடு. எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். கழற்றியதைக் கழுவ அதே பேசினின் குழாயைத் திறந்துவிடாதே, தண்ணீர் முழுக்க உன் காலில்தான் கொட்டும். வாஷரைக் கவனமாக எடுத்து வை.

போத்தலைத் திறக்கவில்லை என்றால் கடையிலேயே திருப்பிக் கொடு. எடுக்கமாட்டார்கள் என்றால் குப்பையில் போடாமல் நகரசபை ஆபத்தான கழிவுகள் வாங்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடு. கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடு, எனக்கு நித்திரை வரும்.

சோளகம் அடிக்கிறது, கிணறு கீழே போய்விட்டது, மற்றபடி சுகம்.

அன்புடன்,
அப்பா